பழைய பிக்அப்பில் அதிர்வு: கிராஸ் மாற்றியும் போகவில்லை என்றால் எங்கே தேடுவது

கேள்வி இது. 2011-ஆம் ஆண்டு பொலேரோ பிக்அப், 215/75 ஆர் 15 டயர். 60 கி.மீ. தாண்டியதும் சீட்டிலும் தரையிலும் அதிர்வு தொடங்குகிறது, 70–75-இல் உச்சம். லோடு ஏற்றினால் குறைகிறது. காலியாக ஓட்டினால்தான் அதிகம். டயர் நான்கும் பேலன்ஸ் பார்த்தாயிற்று. பின்பக்க கிராஸ் (கியர்பாக்ஸிலிருந்து பின்னச்சுக்குச் சுற்றைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் மடியும் மூட்டு) புதிதாகப் போட்டாயிற்று. பின்னால் ஸ்பிரிங் பட்டை இரண்டு கூடுதலாகச் சேர்த்திருக்கிறது. அடுத்து, இரண்டு துண்டு ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கை மாற்றலாமா, பின்னச்சுக்குள் இருக்கும் பல் சக்கரங்களான கிரௌன் செட்டைப் பிரிக்கலாமா?

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். கிரௌனைப் பிரிப்பது கடைசி வேலை. ஒழுங்காக இருந்த பல் அமைப்பைப் பிரித்துச் சேர்த்தால், இல்லாத சத்தமும் சேர்ந்து வரும். அதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும்: இந்த அதிர்வு நொடிக்கு எத்தனை முறை அடிக்கிறது? வண்டியில் சுற்றும் ஒவ்வொரு பாகத்துக்கும் அந்தந்த வேகத்தில் ஒரு கணக்கு உண்டு. அந்த எண் கிடைத்தால் பாதி வண்டியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். எண்ணைப் பார்க்காமல் பாகம் பாகமாக மாற்றிக்கொண்டே போனால் பணம்தான் கரையும்.

கணக்கு எளியது. உங்கள் டயரின் வெளி விட்டம் சுமார் 704 மி.மீ., சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர். மணிக்கு 72 கி.மீ. என்றால் நொடிக்கு 20 மீட்டர். ஆக சக்கரம் நொடிக்கு 9 முறை சுற்றுகிறது. அடுத்து ஹவுசிங்கின் (கிரௌன் செட் உட்கார்ந்திருக்கும் பின்னச்சுக் கூடு) பல் விகிதம் தெரிய வேண்டும். தகடு அழிந்திருந்தால் கையாலேயே எண்ணிவிடலாம்: முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்து, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, பின் சக்கரத்தில் ஒன்றை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். அதற்குள் புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். ஒரு சக்கரம் தரையில் நிற்கும்போது டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரத்துக்கும் சுற்றைப் பிரித்துக் கொடுக்கும் பல் அமைப்பு) பாதி வேகத்தில்தான் திரும்பும் என்பதால்தான் இரண்டு சுற்று. ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் எண்ணுவது சுலபம்.

விகிதம் 4.1 என்று வைத்துக்கொள்வோம். 72 கி.மீ. வேகத்தில் ஷாஃப்ட் நொடிக்கு 37 முறை சுற்றும். ஷாஃப்ட் பேலன்ஸ் போயிருந்தால் அதிர்வும் 37 ஹெர்ட்ஸ். கிராஸ் ஜாயிண்ட் மடிப்பால், அதாவது ஜாயிண்டின் இரு பக்கமும் நேராக இல்லாமல் கோணத்தில் நிற்பதால் வரும் அதிர்வு ஒரு சுற்றுக்கு இரண்டு முறை என்பதால் அது சுமார் 75 ஹெர்ட்ஸ். டயர், ரிம், டிரம் இவற்றில் கோளாறு என்றால் 9 ஹெர்ட்ஸ்.

இவை மூன்றும் உடம்பில் வேறு வேறாகத் தெரியும். 9 என்பது கண்ணால் பார்க்கக்கூடிய ஆட்டம்: கண்ணாடியில் பின்வண்டி குலுங்கும், பாட்டில் தண்ணீர் தளும்பும். 37 என்பது சீட்டுக்கு அடியிலும் கியர் தண்டிலும் கிர்ரென்று ஓடுவது. 75 பெரும்பாலும் காதுக்குத்தான் வரும், கேபினுக்குள் விட்டு விட்டு உறுமுவது போல. உடம்பை நம்பாவிட்டால் போனில் அதிர்வு அளக்கும் செயலி ஒன்றை இறக்கி, போனை சீட் தண்டவாளத்தின் மேல் டேப் போட்டு ஒட்டுங்கள். ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: போன் நொடிக்கு 100 அளவு மட்டுமே எடுத்தால் 50 ஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பது சரியாகத் தெரியாது, பொய்யான எண் காட்டும். 75-ஐப் பார்க்க நொடிக்கு 150-க்கு மேல், முடிந்தால் 200 அளவு வேண்டும். வேகத்தையும் ஜி.பி.எஸ்.-இல் பாருங்கள், ஸ்பீடோமீட்டர் பெரும்பாலும் கூட்டித்தான் காட்டும்.

இனி சாலைச் சோதனை. நல்ல தார்ச் சாலை, காலி வண்டி, கூட ஒருவர் இருந்தால் குறித்துக்கொள்ள வசதி.

முதலில் வண்டியை நிறுத்தி வைத்து, நியூட்ரலில், அதிர்வு வரும் அதே இன்ஜின் வேகத்துக்கு ஆக்ஸிலேட்டர் கொடுங்கள். நின்ற இடத்திலேயே அதே அதிர்வு வந்தால் ஷாஃப்டுக்கும் பின்பக்கத்துக்கும் சம்பந்தமில்லை. இன்ஜின் மவுண்டிங், கியர்பாக்ஸ் மவுண்டிங், ஃபேன், கிளட்ச் பிரஷர் பிளேட் என்று முன்பக்கமே தேடலாம். மவுண்டிங் ரப்பர் ஆயிலில் ஊறி ஊதியிருக்கிறதா, இரும்பும் ரப்பரும் பிரிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஐடிலிலேயே ஒரு சிலிண்டர் அடிக்காமல் உதறினால் அது வேறு வைத்தியம். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில் இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திப் பார்ப்பது வழக்கம். காமன் ரெயில் இன்ஜினில் அதைச் செய்யவே கூடாது. அந்தக் குழாயில் அழுத்தம் ஆயிரம் பார் தாண்டும், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

இரண்டாவது, அதிர்வு உச்சத்தில் இருக்கும்போது கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு மாற்றி, இன்ஜினை ஐடிலில் விட்டு வண்டியை உருள விடுங்கள். சாவியை அணைக்காதீர்கள்: பிரேக் பூஸ்டர் உதவி போய்விடும், ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளலாம். அதிர்வு அப்படியே தொடர்ந்தால் இன்ஜினும் கிளட்சும் நிரபராதிகள். ஷாஃப்ட், டயர், ஹவுசிங் ஆகியவைதான் மிச்சம். இழுவையை விட்டதும் அதிர்வு நின்றால் அது இழுவையோடு சேர்ந்தது: ஜாயிண்ட் மடிப்பு, தேய்ந்த கிராஸ், மவுண்டிங், பினியன் (ஷாஃப்டோடு சுற்றி கிரௌனைத் திருப்பும் சின்னப் பல் சக்கரம்) பேரிங்.

மூன்றாவதுதான் பலர் தவறவிடுவது. அதே 72 கி.மீ. வேகத்தில் கியரை மாற்றிப் பார்ப்பது. பெரும்பாலான ஐந்து கியர் பெட்டிகளில் நான்காவது நேர் கியர், அதாவது இன்ஜினும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும். நான்கு சிலிண்டர் இன்ஜினின் அடிப்பும் ஒரு சுற்றுக்கு இரண்டு. ஜாயிண்ட் மடிப்பின் அதிர்வும் ஒரு சுற்றுக்கு இரண்டு. ஆக நான்காவது கியரில் இரண்டும் அதே 75 ஹெர்ட்ஸில் விழும், எது எது என்று பிரிக்கவே முடியாது. அதனால் ஐந்தாவதிலும் மூன்றாவதிலும் ஓட்டிப் பாருங்கள். கியர் மாறியும் அதே வேகத்தில் அதே அதிர்வு என்றால் ஷாஃப்டிலிருந்து பின்னால். கியரோடு அதிர்வு இடம் மாறினால் இன்ஜின் பக்கம்.

டயரைப் பற்றி ஒரு வார்த்தை. பேலன்ஸ் பார்த்ததால் டயர் சரி என்று ஆகாது. பேலன்ஸ் எந்திரம் எடையைத்தான் பார்க்கும்; உள் பெல்ட் பிரிந்து ஓரிடம் புடைத்த டயரும், ரீட்ரெட் ஒட்டு சீரில்லாத டயரும் அதில் சுத்தமாகப் பேலன்ஸ் ஆகும், சாலையில் குதிக்கும். சக்கரத்தைத் தூக்கி, டயருக்கு முன் ஒரு கம்பியை அசையாமல் வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். மேல்கீழ் ஆட்டம் 1.5 மி.மீ. தாண்டினால் அந்த டயரைப் பின்னிலிருந்து முன்னுக்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள். அதிர்வு சீட்டிலிருந்து ஸ்டியரிங்குக்கு வந்தால் ஆள் அகப்பட்டது. ஆனால் உங்கள் வண்டியில் லோடு ஏற்றினால் குறைகிறது என்கிறீர்கள். டயர் கோளாறு லோடு ஏற்றினால் இப்படித் தெளிவாக அடங்குவது அரிது. எடை ஏறினால் மாறுவது பட்டையின் வளைவு, அதோடு ஷாஃப்டின் சாய்வு. என் சந்தேகம் முழுக்க அங்கேதான்.

கிராஸ் ஜாயிண்ட் நேராக இருக்கும்போது சீராகச் சுற்றும். மடிந்த நிலையில், உள்ளே வரும் சுற்று சீராக இருந்தாலும் வெளியே போகும் சுற்று ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். மடிப்பு 3 டிகிரி என்றால் அந்த ஏற்ற இறக்கம் 0.3 சதவீதத்துக்கும் குறைவு. 10 டிகிரியில் 3 சதவீதம். மடிப்பின் வர்க்கத்தோடு ஏறுவதால் கொஞ்சம் கூடினாலே பாதிப்பு பெரிது. இதைச் சமாளிக்கத்தான் அடுத்த ஜாயிண்டில் அதே அளவு மடிப்பு எதிராக வைக்கப்பட்டிருக்கிறது: ஒன்று கூட்டினால் மற்றது குறைக்கும். இரண்டு முனை யோக்குகளும் (கிராஸைப் பிடிக்கும் கவைகள்) ஒரே கோட்டில் இருந்தால்தான் இந்தக் கழித்தல் நடக்கும். ஸ்பிளைனை (ஷாஃப்ட் நீள விடும் பல் இணைப்பு) கழற்றிவிட்டு ஒரு பல் தள்ளிப் போட்டாலே கணக்கு கெட்டுவிடும். ஆகவே முதல் வேலை, ஷாஃப்டில் அம்புக்குறியோ புள்ளியோ இருந்தால் இரண்டும் நேருக்கு நேர் இருக்கின்றனவா என்று பார்ப்பது. குறி இல்லையென்றால், நடு ஜாயிண்டின் யோக்கும் பின் ஜாயிண்டின் யோக்கும் பின் ஷாஃப்டில் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று கண்ணால் நோட்டம் விடுங்கள். கிராஸ் மாற்றும்போது ஷாஃப்டை இறக்கியிருப்பார்கள். அப்போது தவறியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

அடுத்து கோணம் அளப்பது. வண்டி சமதளத்தில் நான்கு சக்கரத்திலும் நிற்க வேண்டும். சேசிஸைத் தூக்கி ஹவுசிங் தொங்கினால் அளவு அத்தனையும் தப்பு. காந்தம் ஒட்டும் டிஜிட்டல் ஆங்கிள் காஜ் போதும், போனைத் தட்டையான இரும்புத் துண்டில் வைத்து அளந்தாலும் பரவாயில்லை. நான்கு இடம்: கியர்பாக்ஸ் வெளி ஃபிளாஞ்ச் (ஷாஃப்டைப் போல்ட் போட்டு மாட்டும் வட்டத் தகடு), முன் ஷாஃப்ட், பின் ஷாஃப்ட், பினியன் ஃபிளாஞ்ச். ஃபிளாஞ்ச் முகத்தில் வைத்தால் 90-ஐக் கழித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் பின்னோக்கிக் கீழே எத்தனை டிகிரி என்று எழுதுங்கள். அடுத்தடுத்த இரண்டின் வித்தியாசம்தான் அந்த ஜாயிண்டின் மடிப்பு.

உதாரணத்துக்கு, கியர்பாக்ஸ் 4, முன் ஷாஃப்ட் 4.5, பின் ஷாஃப்ட் 7.5, பினியன் 4.5 என்று வந்தால் முன் மடிப்பு 0.5, நடு மடிப்பு 3, பின் மடிப்பு 3. இது நல்ல நிலை. நடுவும் பின்னும் ஒன்றுக்கொன்று ஒரு டிகிரிக்குள் இருக்க வேண்டும். மூன்று டிகிரிக்குள் இருந்தால் நெடுஞ்சாலை வேகத்துக்கு நிம்மதி. அரை டிகிரிக்கும் கீழே போகக் கூடாது. மடிப்பே இல்லையென்றால் கிராஸுக்குள் ஊசி ரோலர்கள் உருளாமல் ஒரே இடத்தில் குத்தி, பள்ளம் விழுந்துவிடும்.

இப்போது கூடுதல் பட்டை என்ன செய்கிறது என்று பாருங்கள். காலி வண்டியில் பின்பக்கம் 50 மி.மீ. உயர்ந்தால், 1.2 மீட்டர் நீள பின் ஷாஃப்ட் சேசிஸை வைத்துப் பார்க்கும்போது சுமார் 2.4 டிகிரி கூடுதலாகச் சாயும். 3-ஆக இருந்த நடு மடிப்பும் பின் மடிப்பும் 5.4 ஆகிவிடும். இரண்டும் சமம்தானே, கழிந்துவிடுமே என்று கேட்கலாம். பினியனுக்கு வரும் சுற்று ஓரளவு சீராகும், உண்மை. ஆனால் நடுவில் இருக்கும் பின் ஷாஃப்ட் சீரில்லாமல்தான் சுற்றுகிறது. அதன் எடையை நொடிக்கு 75 முறை முடுக்கி இழுக்கிற உதை சென்டர் பேரிங்கிலும் பினியனிலும் விழுகிறது. வர்க்கக் கணக்குப்படி முன்பு இருந்ததைவிட அது மூன்று மடங்குக்கும் மேல். லோடு ஏற்றியதும் பட்டை அமர்ந்து மடிப்பு பழைய நிலைக்குத் திரும்புகிறது, அதிர்வு அடங்குகிறது. நீங்கள் சொல்லும் அறிகுறி இதுவேதான்.

இதற்குச் சரியான வைத்தியம் கூடுதல் பட்டையைக் கழற்றுவது. பட்டை கூட்டியதால் ஹவுசிங்கோ பிரேக்கோ டயரோ அதிக எடை தாங்கப் போவதில்லை, அனுமதிக்கப்பட்ட எடையும் மாறாது. பழைய பட்டை தளர்ந்து உட்கார்ந்துவிட்டது என்பதற்காகச் சேர்த்திருந்தால், செட்டைக் கழற்றிப் பட்டை வளைத்துக் கொடுக்கும் இடத்தில் பழைய வளைவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், அல்லது அசல் எண்ணிக்கையில் புதிய செட் போடுங்கள். பட்டைக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு வைப்பார்கள். அது பினியன் சாய்வை மட்டும் மாற்றும். நடுவும் பின்னும் சமமில்லாதபோது உதவும், இரண்டுமே கூடிப்போனதற்கு மருந்தாகாது. சென்டர் பேரிங்குக்கு வாஷர் வைத்து இறக்குவதும் சமரசம்தான்: 10 மி.மீ. இறக்கினால் நடு மடிப்பு ஒன்றரை டிகிரி அளவுக்குக் குறையும், ஆனால் முன் மடிப்பு ஏறக்குறைய ஒரு டிகிரி கூடும், நடுவும் பின்னும் சமம் தவறும். அளந்துவிட்டுச் செய்தால் சில நேரம் பலிக்கும். அளக்காமல் செய்தால் அதிர்வு இடம்தான் மாறும்.

பட்டையைத் தொட்டால் அதை ஹவுசிங்கோடு பிடிக்கும் யூ போல்ட்டைப் புதிதாகப் போடுங்கள். நடு போல்ட் அறுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்; அது அறுந்தால் ஹவுசிங் ஒரு பக்கம் தள்ளிப்போய் ஷாஃப்ட் பக்கவாட்டிலும் மடியும். யூ போல்ட் நட்டுகளைச் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள டார்க்கில் குறுக்கு வரிசையில் முறுக்கி, முதல் லோடு அடித்த பிறகும் 500 கி.மீ. ஓடிய பிறகும் மறுபடி முறுக்க வேண்டும்.

கோணம் சரியாக இருந்து, போனில் வந்த எண் 75 இல்லாமல் 37 என்றால் பிரச்சினை பேலன்ஸ். இதில் நான் முதலில் சந்தேகிப்பது புதிதாகப் போட்ட கிராஸைத்தான். கிராஸ் நடுவில் உட்காராமல் ஒரு பக்கம் 0.2 மி.மீ. தள்ளியிருந்தாலே போதும். அந்த முனை தாங்கும் எடை 4 கிலோ என்றால், 40 மி.மீ. ஆரத்தில் 20 கிராம் கட்டி ஒட்டியதற்குச் சமம். 72 கி.மீ. வேகத்தில் அது நாலு கிலோவுக்கும் மேற்பட்ட உதையை நொடிக்கு 37 முறை கொடுக்கும். வேகம் 100 ஆனால் உதை ஏறக்குறைய இரட்டிப்பு. சுத்தியலால் அடித்து இறக்கும்போது யோக் காது விரிவது, ஒரு ஊசி ரோலர் சாய்ந்து அதைத் தாங்கும் கப்புக்கு அடியில் விழுந்து, கப்பைப் பிடிக்கும் வளையமான சர்க்ளிப் காடியில் முழுதாக உட்காராமல் போவது, இரண்டு பக்கமும் வேறு தடிமனில் சர்க்ளிப் போடுவது, இவையெல்லாம் அன்றாடம் நடப்பவை. சரியாகப் போட்ட கிராஸ் கையால் அசைத்தால் எல்லாப் பக்கமும் ஒரே இறுக்கத்தில் மடியும், ஆட்டம் துளியும் இருக்காது. ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிறது என்றால் கழற்றித் திரும்பப் போட வேண்டும்.

மாற்றாத கிராஸ்களையும் பாருங்கள். கப் ஓரத்தில் செந்தூள் கசிந்திருந்தால் உள்ளே கிரீஸ் வற்றித் துரு அரைபடுகிறது. நிப்பிளில் கிரீஸ் அடிக்கும்போது நான்கு கப்பிலும் பழைய கிரீஸ் வெளியே வர வேண்டும்; மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்த ஒன்றுதான் அடுத்துப் போகப் போகிறது. சென்டர் பேரிங்கை நெம்புகோலால் மெதுவாக மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள்: ரப்பர் கிழிந்திருந்தால் பளிச்சென்று தெரியும். ஒன்றாவது கியரில் கிளம்பும்போது தடதடவென்று உதறி, 20–30 கி.மீ.க்குள் அடங்கிவிடுகிற வண்டிகளில் பெரும்பாலும் இந்த ரப்பரோ, தளர்ந்த பட்டையோ, ஆயில் பட்ட கிளட்ச் பிளேட்டோ காரணம். கிளம்பும்போதும் நிறுத்தும்போதும் ‘டொக்’ என்று ஒரு தட்டு கேட்டால் ஸ்பிளைன் தேய்மானத்தையும் கிரீஸையும் பாருங்கள்.

ஷாஃப்ட் குழாயைத் துடைத்துவிட்டுத் தடவிப் பாருங்கள். காய்ந்த சேறு, அடிவண்டிக்கு அடித்த தார்ப்பூச்சு, கல் பட்ட நெளிவு, ஒட்டியிருந்த பேலன்ஸ் தகடு விழுந்த வெல்டு தழும்பு, இவற்றில் ஏதாவது ஒன்று போதும். டயல் காஜ் கிடைத்தால் சேசிஸில் பொருத்தி, கையால் ஷாஃப்டைச் சுற்றி, நடுவிலும் இரு முனை வெல்டு அருகிலும் அளவு எடுங்கள். 0.5 மி.மீ. தாண்டினால் சந்தேகம், 1 மி.மீ. என்றால் லேத்தில் நேராக்க வேண்டும் அல்லது குழாய் மாற்ற வேண்டும்.

பட்டறைக்குக் கொண்டுபோகும் முன் ஒரு மலிவான சோதனை. ஷாஃப்டின் பின் முனை அருகே சுற்றளவை நான்காகப் பிரித்து 1, 2, 3, 4 என்று எழுதுங்கள். ரேடியேட்டர் ஹோஸுக்குப் போடும் கிளிப் ஒன்றை மாட்டி, அதன் திருகுத் தலை 1-இல் வரும்படி இறுக்கி ஓட்டிப் பாருங்கள். பிறகு 2, 3, 4. ஓரிடத்தில் குறைந்து எதிர்ப்புறத்தில் கூடினால் பேலன்ஸ்தான் கோளாறு என்று உறுதி. குறைந்த இடத்தில் இரண்டாவது கிளிப் சேர்த்துப் பாருங்கள். மிகையாகிவிட்டால் இரண்டு தலைகளையும் இருபுறமும் சமமாக விலக்கினால் எடை தணியும். நான்கிலும் ஒரு மாற்றமும் இல்லையென்றால் பேலன்ஸ் செலவு வீண். இது கண்டுபிடிக்க மட்டும்; நிரந்தர வேலைக்கு இரண்டு ஷாஃப்டையும் சென்டர் பேரிங்கோடு முழு அசெம்பிளியாக எந்திரத்தில் பேலன்ஸ் பார்க்க வேண்டும். கழற்றும் முன் ஃபிளாஞ்சுகளில் பெயின்ட் குறி போட மறக்காதீர்கள்.

வண்டியைத் தூக்கி வைத்து ஓட்டிப் பார்க்கிறவர்கள் இரண்டு பின் சக்கரத்தையும் கழற்றி, டிரம்களை நட்டால் இறுக்கி, ஸ்டாண்டைச் சேசிஸுக்கு அல்ல ஹவுசிங் குழாய்க்கு அடியில் கொடுக்க வேண்டும். முன் சக்கரத்துக்குக் கட்டை, 60 கி.மீ.க்கு மேல் வேண்டாம். ஷாஃப்ட் சுற்றும்போது யாரும் வண்டிக்கடியில் போகக் கூடாது. சக்கரமில்லாமலும் அதே அதிர்வு வந்தால் டயரும் ரிம்மும் கணக்கிலிருந்து போய்விடும்.

இவ்வளவும் சுத்தமாக இருந்தால்தான் ஹவுசிங். ஷாஃப்டைக் கழற்றிவிட்டு, பினியன் ஃபிளாஞ்சைப் பிடித்து மேலும் கீழும், உள்ளும் வெளியும் அசையுங்கள். அந்த ஆட்டம் கொஞ்சமும் இருக்கக் கூடாது. சுற்றும் திசையில் பல் இடைவெளிக்கான சின்ன ஆட்டம் இருக்கும், அது இயல்பு. சீல் ஓரம் ஆயில் கசிவும் ஆட்டமும் சேர்ந்திருந்தால் பினியன் நட் தளர்ந்து பேரிங் இறுக்கம் போயிருக்கிறது. அதைக் கையில் கிடைத்த ஸ்பேனரால் இறுக்கி விடாதீர்கள். உள்ளே நசுங்கும் ஸ்லீவ் இருக்கும் வகையில் இறுக்கம் மிஞ்சினால் பேரிங் சூடேறி எரியும். புதிய ஸ்லீவ் போட்டு, சுற்று இறுக்கத்தை அளந்துதான் முறுக்க வேண்டும்.

உங்கள் வண்டிக்கு வரிசை இப்படி: யோக் குறி, காலி வண்டியில் கோணம், பிறகு அதே இடத்தில் வழக்கமான லோடு ஏற்றி மறுபடி கோணம். காலியில் நடு, பின் மடிப்பு 5-ஐ நெருங்கி, லோடில் 3-க்கு இறங்கினால் கூடுதல் பட்டையைக் கழற்றிவிட்டு, அதே சாலையில், ஐந்தாவது கியரில், 72 கி.மீ. வேகத்தில் திரும்ப ஓட்டிப் பாருங்கள். கோணம் இரண்டு நிலையிலும் சரியாகவே இருந்தால் புதிய கிராஸைக் கழற்றி கப்புக்குள் ஊசிகளை எண்ணுங்கள். கிராஸில் ஆட்டமோ செந்தூளோ கண்ணில் பட்டால் மட்டும் சோதனையெல்லாம் அப்புறம். வண்டியை ஓட்டாமல் நிறுத்திவிடுங்கள். ஓடும்போது முன் முனை அறுந்தால் ஷாஃப்ட் தரையில் குத்தி வண்டியின் பின்பக்கத்தையே தூக்கிவிடும்.